வில்லாபுரத்தில் ஒரு கோடை: பகலிலும் இரவிலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் பேச அழைத்தபோது, "மோட்டார் பராமரிப்பு பற்றிப் பேசட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். "மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி அது வேண்டாம்பா, உன் போட்டோ விஷயத்தைப் பேசு" என்று சொல்லிவிட்டார். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மின்பராமரிப்பு வேலை. ஷிப்ட் டியூட்டி. ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் என் தெருவை 24 மணி நேரத்திலும் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. காலை 5 மணிக்குக் கிளம்புகிற வாரம் ஒரு வில்லாபுரம், ராத்திரி 11 மணிக்குத் திரும்புகிற வாரம் வேறொரு வில்லாபுரம். கேமரா அந்தப் பையிலேயே கிடக்கிறது, டிபன் பாக்ஸ் பக்கத்தில்.

வில்லாபுரத்தை வெளியூர் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து தெற்கே, அருப்புக்கோட்டை ரோட்டில் வரவேண்டும். தாண்டினால் அவனியாபுரம், தை முதல் நாள் ஜல்லிக்கட்டு நடக்கிற ஊர். அதையும் தாண்டினால் ஏர்போர்ட். மதுரைக்கு வருகிறவர்கள் படம் எடுக்கக் கோயிலுக்குப் போவார்கள், நாயக்கர் மகாலுக்குப் போவார்கள், தெப்பக்குளத்துக்குப் போவார்கள். வில்லாபுரத்துக்கு யாரும் கேமராவோடு வருவதில்லை. கல்யாண மண்டபத்துக்கு வருகிற வீடியோக்காரர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இது இன்று நேற்றைய பழக்கம் இல்லை. லின்னேயஸ் டிரைப் என்று ஒரு கேப்டன், சென்னை ராணுவத்தில் இருந்தவர், சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் 1858 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மதுரையில் படம் எடுத்தார். அதே வருஷம் அந்தப் படங்கள் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. கோயில், மகால், தெப்பக்குளம், வைகை என்று எல்லாம் இருக்கின்றன. நம்ம விளக்குத்தூணும் இருக்கிறது. கோட்டையை இடித்து, அகழியை மூடி, வெளிவீதிகள் வர வழி செய்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட தூண் அது. இன்று அதைச் சுற்றி ஜவுளிக் கூட்டத்தில் நின்று மேலே பார்க்கக்கூட முடியாது. டிரைப்பின் படத்தில் அது தனியாக, அமைதியாக நிற்கிறது.

அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம். மதுரையில் இவ்வளவு வெறிச்சோடிய இடமா? மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்த காலம் அது. வெளிச்சம் பதிய நிமிஷக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். நடந்து போகிறவன், மாட்டு வண்டி, பூக்காரி எல்லாரும் அந்த நேரத்தில் கரைந்து போய்விடுவார்கள். கல் மட்டும் மிச்சம். பாரீஸில் 1838இல் டகேர் எடுத்த தெருப் படத்திலும் இதே கதைதான். வண்டியும் ஜனமும் நிறைந்த வீதி காலியாகத் தெரிகிறது. செருப்புக்கு பாலிஷ் போடக் காலை நீட்டிக்கொண்டு ஆடாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். மனிதன் படத்தில் விழுந்த முதல் தருணங்களில் ஒன்று அது. ஊர் பேர் தெரியாத ஆள். பாலிஷ் போட நின்றார், சரித்திரத்தில் நின்றுவிட்டார்.

டிரைப் வேலையை அரசாங்கம் செலவு அதிகம் என்று 1860 வாக்கில் நிறுத்திவிட்டது. அந்தப் படங்கள் 2014, 2015இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மியூசியங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. வில்லாபுரம் அதில் இருக்க வாய்ப்பில்லை. அன்றைக்கு அது ஊருக்கு வெளியே.

சரி, கோடைக்கு வருகிறேன். பங்குனி பாதியிலிருந்து அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கிற வரைக்கும் உள்ள ஐந்து வாரம்தான் என் சீசன். புகைப்படப் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. காலையும் மாலையும் எடு, நடு மதியம் எடுக்காதே என்று சொல்லும். நான் அதற்கு நேர்மாறாகத்தான் பழகினேன். ஏனென்றால் நம் ஊருக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9.9 டிகிரியில் இருக்கிறது. வடக்கு நோக்கி நகர்கிற சூரியன் ஏப்ரல் 15, 16 வாக்கில், அதாவது சித்திரைப் பிறப்பை ஒட்டி, சரியாக நம் தலைக்கு மேலே வருகிறது. ஆகஸ்ட் கடைசியில் திரும்பிப் போகும்போது இன்னொரு தடவை. அன்றைக்கு உச்சி வேளையில் நேராக நிற்கிற கம்பத்துக்கு நிழலே கிடையாது. உச்சி வேளை என்றால் 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்க ரேகையை வைத்து ஓடுகிறது, மதுரையோ 78.1 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். கணக்குப் போட்டால் 12 மணி 17 நிமிஷம் வரும். முதலாமாண்டு மாணவர்கள் ஒரு தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் எங்கள் தெருவைப் பாருங்க. மின்கம்பத்துக்கு நிழல் இல்லை. சைக்கிளின் நிழல் சைக்கிளுக்கு அடியிலேயே ஒரு கோடு. நாய் மட்டும் எப்படியோ தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அரை அடி நிழலைக் கண்டுபிடித்துப் படுத்திருக்கும். மனித முகத்தை அப்போது எடுத்தால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான். அதனால் முகத்தை எடுக்காதீர்கள். பந்தல் எடுங்கள். தண்ணீர்ப் பந்தலின் தென்னங்கீற்று வழியாக விழுகிற வெளிச்சம் மோர்ப் பானையின் மேல் காசு காசாகக் கிடக்கும். நுங்கு வெட்டுகிறவர் கையை எடுங்கள். மேலேயிருந்து வருகிற வெளிச்சத்தில் அந்த நுங்கு உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் பக்கத்திலிருந்து சிந்தாமணி, அனுப்பானடி வரைக்கும் அப்பளத் தொழில் உண்டு. கோடைதான் அவர்களுக்குக் காய்ச்சலான காலம், இரண்டு அர்த்தத்திலும். பாயிலும் துணியிலும் ஆயிரக்கணக்கில் வெள்ளை வட்டங்கள் வெயிலில் கிடக்கும். கேமராவை அப்படியே தூக்கி எடுத்தால் அப்பளம் சாம்பல் நிறத்தில் வரும். காரணம், கேமராவுக்குள் இருக்கிற மீட்டருக்கு அப்பளம் தெரியாது, வெள்ளை தெரியாது. உலகம் சராசரியாக 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் என்பதுதான் அதன் நம்பிக்கை. வெள்ளையைக் காட்டினால், ஐயோ வெளிச்சம் கூடிப்போச்சு என்று குறைத்துவிடும். நாம்தான் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். போனிலும் திரையைத் தொட்டு அந்தச் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் போதும்.

அங்கே அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து, "எங்களை எடுத்து எங்க தம்பி போடப் போறே?" என்று கேட்டாங்க. கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாங்க. "எங்கேயும் போடலக்கா, பிரிண்ட் போட்டு உங்களுக்குத்தான் தருவேன்" என்றேன். "அப்போ நாளைக்கு வா, நல்ல சேலை கட்டிட்டு வரேன்" என்றாங்க. மறுநாள் நல்ல சேலையோடு, அதே பாயில், அதே வெயிலில் படம் எடுத்தேன். அழுக்குச் சேலைதான் நிஜம், நல்ல சேலை வேஷம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. யாருடைய படமோ அவங்க சொல்றதுதான் சேலை.

மாலைக்கு வருவோம். நம் ஊரில் பொழுது சாய்வது சட்டென்று. ஏப்ரல் நடுவில் 6.28க்கு சூரியன் இறங்குகிறது. அதற்குப் பிறகு 20 நிமிஷம், அவ்வளவுதான், வானத்தில் நீலம் இருக்கும். ஐரோப்பாவில் அந்த நீலம் கோடையில் வெகுநேரம் நீடிக்கும், அங்கே சூரியன் சரிவாக இறங்குகிறது. இங்கே செங்குத்தாக இறங்கிப் போய்விடுகிறது. அந்த 20 நிமிஷத்தில் வானத்தின் வெளிச்சமும் கடை விளக்கின் வெளிச்சமும் சமமாக இருக்கும். பூக்கடையில் மல்லிகை அப்போதுதான் மொட்டு விடுபடத் தொடங்கும். டீக்கடை பாய்லருக்கு மேலே ஆவி தெரியும். இரண்டு தெரு நடப்பதற்குள் முடிந்துவிடும். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை முந்தின நாளே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

பிறகு இரவு. மின்பொறியாளனாக எனக்குப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் படித்த காலத்தில் மதுரைத் தெருக்கள் ராத்திரியில் மஞ்சள். சோடியம் ஆவி விளக்கு. அதன் கீழே சிவப்புச் சேலை பழுப்பாகத் தெரியும், நீலச் சட்டை கறுப்பாகத் தெரியும். நிறம் பிரித்துக் காட்ட அந்த விளக்கின் ஒளியில் சரக்கு கிடையாது. 2015இல் மத்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. நம் பக்கமும் விளக்குகள் வெள்ளையாகிவிட்டன. மின்சாரம் மிச்சம், நிறமும் சரியாகத் தெரிகிறது. நான் அதை எதிர்க்கிறவன் இல்லை, மின்கட்டணத்தைப் பார்க்கிறவன். ஆனால் நம் தலைமுறையின் ராத்திரிகள் எல்லாம் அந்த மஞ்சளில்தான் நடந்தன. அந்த மஞ்சள் இப்போது பழைய படங்களில்தான் இருக்கிறது. யாரிடமாவது ஒரு தெரு மஞ்சளாக இருக்கிற படம் இருந்தால், வெள்ளை பேலன்ஸ் சரி பண்ணுகிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் பல மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் கோடு கோடாகப் பட்டை விழும். மாரியம்மன் கோயில் பொங்கலுக்குக் கட்டுகிற டியூப்லைட் வரிசையிலும் சீரியல் செட்டிலும் இது நிறைய வரும். 1/100 அல்லது 1/50 வினாடியில் வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். கேமரா கெட்டுப்போச்சு என்று சர்வீஸுக்குக் கொண்டுபோன ஒரு நண்பர் இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன்.

ஸ்டாண்டு வாங்கக் காசில்லையே என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். ஒரு துணிப்பையில் ரெண்டு கிலோ அரிசி போட்டு, காம்பவுண்ட் சுவர் மேல் வைத்து, அதில் கேமராவை அழுத்தி வைத்தால் ஆடாது. வீட்டுக்குப் போய் அரிசியை உலையில் போட்டுக்கொள்ளலாம். போனில் இரவு மோடு என்று வருகிறதே, அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கூட்டுகிறது. அதற்கும் ஆடாமல் இருந்தால்தான் நல்லது.

கோடை ராத்திரியில் எங்கள் தெருவில் நான் அதிகம் எடுத்தது என்ன தெரியுமா? குடம். தண்ணீர் லாரி வருகிற முறைநாளில் முந்தின ராத்திரியே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். பச்சை, நீலம், ஆரஞ்சு. ஆள் இருக்கமாட்டார்கள், குடம் அவர்களுக்காக நிற்கும். ஒவ்வொன்றிலும் பெயின்டில் இனிஷியல், அல்லது கைப்பிடியில் கிழிந்த துணி. பத்து வினாடி திறந்து வைத்து எடுத்தால் நடுவில் போகிற பைக் ஒரு சிவப்புக் கோடாகப் போய்விடும், நடந்து போகிறவர் மறைந்துவிடுவார், குடம் மட்டும் பளிச்சென்று இருக்கும். டிரைப்பின் மதுரையில் கல் நின்றது போல. அந்த வரிசையில் யார் முதல், யார் பத்தாவது என்பதில் சண்டை வந்திருக்கிறது. ஒரு தடவை என் படத்தைக் காட்டித் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான் படத்தைக் காட்டினேன், தீர்ப்பை அவர்களையே சொல்லச் சொல்லிவிட்டேன். நானும் அந்தத் தெருவில்தானே குடியிருக்க வேண்டும்?

இரவில் கேமராவோடு நிற்பது எல்லோருக்கும் சாதாரணமான விஷயம் இல்லை. ஒரு தடவை பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் வந்து, "என்ன சார், ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். திண்ணையை இடிக்க நோட்டீஸ் வருமோ என்ற பயம் அவர்களுக்கு. எங்கள் ஜனங்களுக்குக் கேமரா என்றால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சர்வே. நான் எடுத்த படங்களைக் காட்டினேன். "அட, இது நம்ம திண்ணை" என்று அவர்கள் முகம் மாறியது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதல் நாள் கேமராவை எடுக்காமல் போய் டீ குடிப்பேன். இரண்டாம் நாள்தான் கேமரா. தங்கைகளுக்கு இரவுப் படம் எடுப்பது இன்னும் கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். மொட்டை மாடியிலிருந்து எடுங்கள் என்று அறிவுரை சொல்லலாம், ஆனால் அது நியாயமான பதில் இல்லை. தெரு அவர்களுக்கும் சொந்தம்தான்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்தில் பிறந்தவர் எம். பழனி குமார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், துப்புரவுத் தொழிலாளர்களைப் பல வருஷமாகப் படம் எடுத்து வருகிறவர். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தன் அம்மாவைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் வெளியிட்டிருக்கிறார். மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். தெருவிளக்கு என்பது பொறியாளருக்கு லூமன் கணக்கு. அங்கே அது ஒரு அம்மாவின் வேலை நேரம்.

பாரீஸில் அட்ஜே என்று ஒருவர் சுமார் 30 வருஷம், 1927இல் சாகும் வரை, கடை வாசலையும் சந்துகளையும் எடுத்துக்கொண்டே இருந்தார். தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஓவியர்களுக்கு ஆவணம் என்று விற்றார். இன்றைக்குப் பழைய பாரீஸ் எப்படி இருந்தது என்று கேட்டால் அவர் படத்தைத்தான் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டூடியோ படம் என்றால் பின்னால் திரை, பக்கத்தில் பூச்சாடி, இஸ்திரி போட்ட சட்டை. அந்தச் சட்டையை இஸ்திரி போட்டவர் அதில் இருக்கமாட்டார்.

அவரைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வந்தேன். எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஒரு ஐயா தேய்ப்பு வண்டி வைத்திருந்தார். நம் கல்லூரி முதல் இன்டர்வியூவுக்கு நான் போட்டுப்போன சட்டையும் அவர் தேய்த்ததுதான். கோடையில் பகல் வேலை தாங்காது என்று ராத்திரி 8 மணிக்கு மேல்தான் பெட்டியில் கரி போடுவார். ஒரு பங்குனி ராத்திரி நான் ஷிப்ட் முடிந்து வரும்போது, தெருவிளக்கின் மஞ்சளில் அவர் பெட்டியைத் தூக்கிக் கரியை ஊதிக்கொண்டிருந்தார். முகத்தில் கீழேயிருந்து சிவப்பு, மேலேயிருந்து மஞ்சள். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எடு எடு, ஆனா வேலையை நிறுத்த மாட்டேன்" என்றார். 1/15 வினாடி. கை கொஞ்சம் ஆடியிருக்கிறது, முகம் நிற்கிறது. பிரிண்ட் கொடுத்தேன். வண்டியின் இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து அவர் தவறிப்போனார். மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும் என்று தேடியபோது வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டையில் உள்ள, ஸ்டாம்பு அளவு முகம் ஒன்றுதான். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. நான் என் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் நீலம் போட்டு, வழக்கமாக வைப்பார்களே, அந்த மாதிரி செய்து எடுத்துப்போனேன். முழுப் படத்தையும் கூடவே வைத்திருந்தேன். அவங்க இரண்டையும் பார்த்துவிட்டு, "வண்டியோட இருக்கட்டும் தம்பி. வண்டி இல்லாம அவரை யாருக்குத் தெரியும்?" என்றாங்க. இன்றைக்கு அந்த வீட்டுச் சுவரில் இஸ்திரி வண்டி, கரித்தூள், வேப்பமரம், மஞ்சள் விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மாலை.

இப்போது அந்த இடத்தில் மரமும் இல்லை, வண்டியும் இல்லை, விளக்கும் மாறிவிட்டது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம் பெட்டிகள் சீனியர்கள் பலர் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும். அதில் விடுதி மெஸ், பழைய சைக்கிள் ஸ்டாண்டு, நாம் குந்தியிருந்த கேன்டீன் திட்டு எல்லாம் இருக்கலாம். நெகட்டிவாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள். ஸ்கேன் பண்ணிக் கொடுத்துவிட்டு அசலைத் திருப்பித் தருவோம். மாணவர்கள் உங்கள் தெருவை எடுங்கள். போன் மாறினால் படம் போய்விடும், பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் தேதி, நேரம், தெருப் பெயர், படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயர் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

நான் எடுத்ததில் 40 படங்களை வராந்தாவில் மாட்டியிருக்கிறேன், சாப்பிடப் போகும் வழியில்தான். அப்பளப் படம் மட்டும் இல்லை. அதை அந்த அக்கா, தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று வாங்கிப் போயிருக்காங்க.